கரட்டுப்பட்டிப் பாளையக்காரரின் மொட்டை

திண்டுக்கல்லில் எங்கள் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்ததும் இடதுகைப் பக்கம் முதலில் நிற்பவர் கரட்டுப்பட்டிப் பாளையக்காரர். ஏழடி உயரப் படம். காலில் தண்டை, இடுப்பில் பட்டுக் கச்சை, கையில் வாள். தலையில் ஒரு முடி கிடையாது. மீசையும் கிடையாது. மண்டை முழுக்கச் சந்தனம். கீழே அட்டையில், 'போருக்குப் புறப்படுமுன் பழனியாண்டவருக்கு முடி காணிக்கை செலுத்திய கோலம்' என்று எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். அதை வைத்து இரண்டு பேர் கட்டுரைப் போட்டியில் பரிசும் வாங்கியாகிவிட்டது.

படத்தில் இருப்பவர் எந்தப் போருக்கும் போனதில்லை. செம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தோல் ஷாப்புக்கு ஆவாரம்பட்டை கொண்டுவந்து போட்டவர். பெயர் ஒச்சப்பன். தோலைப் பதப்படுத்த அந்தப் பட்டைதான் வேண்டும் என்பதால் மாதத்துக்கு இரண்டு மூன்று வண்டி கொண்டுவருவார். மற்ற நாளில் கனகாம்பரமும் கத்தரியும் பயிரிடுகிற சம்சாரி. நான் அந்தத் தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளை. அவர் மொட்டையடித்தது எதற்கு என்று எனக்குத் தெரியும். அட்டையில் இருப்பது பொய் என்பதும் தெரியும். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் முதலாளி சௌகத் அலி, 1959-ல் தோல் ஏலத்துக்காக மெட்ராஸ் போனவர், வெயிலுக்கு ஒதுங்கி அங்கே மியூசியத்துக்குள் நுழைந்திருக்கிறார். மூன்று மணி நேரம் கழித்து வேறு மனுஷராக வெளியே வந்தார். ஊர் திரும்பியதும் வரலாற்றுக் கண்காட்சிக் குழு என்று ஒன்றைக் கூட்டினார். அவரே செயலாளர். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் சவரிமுத்து ஆலோசகர். எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக நான் குறிப்பெழுத்தர். கண்காட்சிக்கு இடம் வேண்டுமே என்று பேகம்பூரில் ஷாப்பை ஒட்டியிருந்த பழைய தோல் கிடங்கை முதலாளி காலி பண்ணிக் கொடுத்தார். மூன்று தடவை வெள்ளையடித்தோம். சாம்பிராணி போட்டோம். சுண்ணாம்பு வாசம் போனது, சாம்பிராணி வாசம் போனது, தோல் வாசம் மட்டும் போகவில்லை. திண்டுக்கல் சரித்திரத்தை அன்றிலிருந்து ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்க்கிறார்கள்.

பொருட்கள் சேர்ந்தன. துருப்பிடித்த பீரங்கிக் குண்டு நாலு, செல்லாத காசு ஒரு தட்டு, ஏடு, பூட்டு, ஒரு பக்கம் தண்டு இல்லாத பல்லக்கு. எல்லாவற்றையும் பரப்பிவைத்துப் பார்த்தபோது பழைய சாமான் கடை மாதிரி இருந்தது.

"எல்லாம் சாமானா இருக்கு வாத்தியாரே. மனுசன் ஒருத்தரையும் காணமே" என்றார் முதலாளி.

கரட்டுப்பட்டிப் பாளையக்காரரை வைக்கலாம் என்று சவரிமுத்து சொன்னார். வெள்ளைக்காரனுக்கு வரி கட்டாமல் எதிர்த்து நின்றவராம். அவருக்குப் படம் கிடையாது. பெயரும் உறுதியில்லை, சவரிமுத்து இரண்டு பெயர் கண்டுபிடித்து வைத்திருந்தார், இரண்டுக்கும் ஆதாரம் இருந்தது. அதனால் பெயரை விட்டுவிட்டு ஆளை மட்டும் வரைவது என்று முடிவாயிற்று.

வரைய வந்தவர் கிதர் முகம்மது. கடைகளுக்கு போர்டு எழுதுவார், சினிமாக் கொட்டகைக்கு பேனர் வரைவார். அவரிடம் இரண்டு கொள்கை உண்டு. ஒன்று, கண்ணால் பார்க்காமல் எதையும் வரைய மாட்டார். இன்னொன்று, காலில் ஆரம்பித்துத் தலையில்தான் முடிப்பார்.

"தலைய மொதல்ல முடிச்சா, அதோட பார்ட்டி போயிருவான் கணக்குப்பிள்ளை. அப்பறம் நிக்க வரமாட்டான். எங்க வூட்ல கால் இல்லாத பெரிய மனுசங்க பதினோரு பேரு கெடக்காங்க" என்றார்.

கார்த்திகை மாதம் ஒரு நாள், ஒச்சப்பன் ஷாப் வாசலில் பட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தோள் வரைக்கும் முடி, நெஞ்சு வரைக்கும் தாடி, கன்னத்தில் ஏறிய மீசை. கிதர் முகம்மது டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"பாளையக்காரர் வந்துட்டாரு" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் ஒச்சப்பன் சிரித்தார். பிறகு தாடியைப் பிடித்துக்கொண்டு, "இது என் முடி இல்லீக. முருகனோடது" என்றார். அவருக்கு முத்துப்பேச்சி என்று ஒரே பெண். அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவளுக்கு இரண்டு வயதில் வாந்திபேதி கண்டு, இனி இல்லை என்று வைத்தியர் எழுந்து போனபிறகு, புள்ளை பிழைத்தால் அஞ்சு வயசுத் தைப்பூசத்தில் அவளுக்கும் தனக்குமாக மொட்டை போடுவதாகப் பழனிக்கு நேர்ந்துகொண்டார். புள்ளை பிழைத்தாள். அன்று முதல் இரண்டு தலையிலும் கத்தி படவில்லை. வருகிற தையில் அவளுக்கு அஞ்சு முடிகிறது.

"தைப்பூசம் வரைக்கும் நிக்கிறேன். அதுக்கு மேல ஒரு நாளு கெடையாது" என்றார்.

"இன்ஷா அல்லா, அதுக்குள்ள படம் காஞ்சே போயிரும்" என்றார் கிதர் முகம்மது.

மதுரை நாடகக் கம்பெனி ஒன்றிலிருந்து உடுப்பு வாடகைக்கு வந்தது. வாள் மரம்தான், மேலே வெள்ளி பெயின்ட். முதல் நாள் ஒச்சப்பன் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் வெட்கம் போயிற்று. பத்தாம் நாள், பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். பூக்கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு காலை முன்னால் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, எதிரிப் படையைப் பார்க்கிற மாதிரி வத்தலக்குண்டு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது பிடித்துவிட்டது. அதை அவரே மறைக்கவில்லை. "ஆயுசுல என்னைய யாரும் இம்புட்டு நேரம் பாத்ததில்ல கணக்குப்புள்ள. மாட்டத்தேன் பாப்பாங்க" என்று ஒரு நாள் சொன்னார்.

கிதர் முகம்மதோ, வெள்ளிக்கு வெள்ளி கொட்டகையில் படம் மாறினால் பேனருக்கு ஓடிவிடுவார். பொங்கலுக்கு மூன்று கொட்டகையிலும் புதுப்படம். இரண்டு வாரம் ஆளையே காணவில்லை. தைப்பூசத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது பாளையக்காரர் இடுப்பு வரைக்கும் வந்திருந்தார். கச்சை மட்டும் தத்ரூபமாக இருந்தது. அதற்கு மேல் வெறும் துணி.

குழு கூடியது. தலையை மட்டும் முதலில் வரைந்துவிடுங்கள் என்றார் முதலாளி. கிதர் முகம்மது முடியாது என்றார். காலம் மாறினாலும் மாறும், கொள்கை மாறாது. கண்காட்சி மார்ச் நடுவில்தானே, ஒச்சப்பன் இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் என்ன என்றார் சவரிமுத்து. பங்குனியில் உத்திரம் வருகிறது, அதுவும் முருகனுக்கு விசேஷம்தான் என்று, அந்தோணியார் கோவிலுக்குப் போகிற அவரே எடுத்துச் சொன்னார். வாயால் கேட்டால் மரியாதையாக இருக்காது, எழுத்தில் கேட்போம் என்று முடிவாயிற்று. எழுதியவன் நான்.

'தீர்மானம் 14. பாளையக்காரர் படம் இடுப்பு வரை நிறைவு பெற்றுள்ள நிலையில், திரு. ஒச்சப்பன் அவர்கள் தம் பிரார்த்தனையைச் சற்றே ஒத்திவைத்து, வரலாற்றுக்கு உதவுமாறு இக்குழு கேட்டுக்கொள்கிறது. இதனால் குழந்தைக்கு யாதொரு குறையும் நேராது என்று குழு நம்புகிறது.'

கடைசி வரியை யாரும் சொல்லவில்லை. தீர்மானம் மொட்டையாக முடிகிறதே என்று நானாகச் சேர்த்தேன்.

ஒச்சப்பன் அதை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். இரண்டாம் வகுப்பு வரை படித்தவர். முடியாது என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் படத் துணியைப் பார்த்தார். இடுப்புக்கு மேல் காலியாக இருந்த இடத்தையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை மடித்து இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டு, "சரிங்க, நிக்கிறேன்" என்றார்.

பெண்சாதி ராமுத்தாயிடம் அவர் உண்மையைச் சொல்லவில்லை. தோல் ஷாப்பில் பட்டை இறக்க ஆள் பற்றவில்லை, முதலாளி விட மாட்டேன் என்கிறார், உத்திரத்துக்குப் போவோம் என்று சொல்லிவிட்டார். தைப்பூசம் போயிற்று. காவடிக் கூட்டம் அவர் ஊர் வழியாகவே பழனிக்கு நடந்து போனது. அன்றைக்கும் வந்து வாளோடு நின்றார். அன்று வயிறும் மார்பில் பாதியும் முடிந்தன.

நாலு வாரம் இப்படி. கழுத்துக்கு வந்தாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். கிதர் முகம்மது முக்காலியில் ஏறி நின்று கழுத்துப் பாசிமணிக்கு மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தார். நான் பூட்டுகளுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பொம்பளை வந்து நின்றாள். தோளில் ஒரு பெண் குழந்தை, கண் மூடிக் கிடந்தது. குழந்தையின் முடி அவள் முதுகு வரைக்கும் தொங்கியது. நான் ராமுத்தாயை அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

ஒச்சப்பன் வாளை ஓங்கியபடியே நின்றார். இறக்க மறந்துவிட்டார்.

அவள் அவரை உச்சியிலிருந்து தண்டை வரைக்கும் பார்த்தாள். படத்தையும் பார்த்தாள்.

"பட்ட எறக்குறீகளோ" என்றாள்.

குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"புள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்ச. நேத்து அந்தியில வந்து எட்டிப் பாத்துட்டு, சூடு கொறஞ்சிருக்குன்னு சொல்லிட்டு விடியமுன்ன கெளம்பி வந்துட்டீக. இப்பக் கண்ணு முழிக்க மாட்டேங்கா. நான் பழனிக்குப் போறேன். வாரீகளா, இல்ல இங்கனயே ராசாவா இருக்கீகளா."

கிதர் முகம்மது, "செத்த நேரம் நின்னா கழுத்து முடிஞ்சிரும்" என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர், குழந்தையைப் பார்த்துவிட்டு பிரஷைத் தண்ணிக்குள் போட்டார். "போங்கப்பா. தலை என்னா தலை" என்றார்.

ஒச்சப்பன் உடுப்பை மாற்றவில்லை. வாளை என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தண்டை குலுங்க ரோட்டில் ஓடினார். ராமுத்தாய் பின்னால் ஓடினாள். நானும் கூடப் போயிருக்கலாம். போகவில்லை. அன்றைக்கு ஒரு லாரி தோல் வரவேண்டியிருந்தது.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் பிறகு சொன்னார். பட்டுக் கச்சையும் கழுத்து நிறையப் பாசிமணியுமாக ஒரு ஆள் ஏறியதும், நாடகக்காரர் என்று நினைத்து ஜனங்கள் இடம் விட்டார்களாம். ஒட்டன்சத்திரத்தில் ஏறிய ஒரு அம்மா, "ஏனுங்க, என்ன வேஷமுங்க" என்று கேட்டிருக்கிறார். "அப்பன் வேசம்" என்றாளாம் ராமுத்தாய்.

பழனியில் முதலில் டாக்டரிடம் போனார்கள். மலேரியா என்றார் அவர், ஊசி போட்டார், மலை ஏறக்கூடாது என்றார். அடிவாரத்திலேயே முடி இறக்கினார்கள். குழந்தை மடியில் கிடக்க, முதலில் அவளுக்கு, பிறகு அவருக்கு. ஒரு சத்திரத்தில் மூன்று நாள் கிடந்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் முத்துப்பேச்சி எழுந்து உட்கார்ந்து, மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்து, என் சடையை எங்கே என்று அழுதிருக்கிறாள். ஊசியா, மொட்டையா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ராமுத்தாய்க்குக் கிடையாது. ஒச்சப்பனுக்கோ வேறு கணக்கு. தைப்பூசத்தன்று போயிருந்தால் காய்ச்சலே வந்திருக்காது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டது நான் என்றால் அழித்து எழுதியிருப்பேன்.

கண்காட்சி திறக்க இரண்டு நாள் இருந்தது. பாளையக்காரர் கழுத்தோடு நின்றிருந்தார். ஒச்சப்பன் இனி வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. உடுப்பைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். "குடுத்த வாக்க முடிச்சுட்டு வாங்கன்னு ராமுத்தாயி சொல்லிட்டா" என்றார்.

மழித்த தலை. மேலே காய்ந்த சந்தனம். மீசையும் தாடியும் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. சவரிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைப்பாகை கட்டலாம் என்றார் முதலாளி. கட்டலாம், மீசைக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய மீசையை நினைத்து வரையக் கூடாதா என்று நான் கேட்டேன்.

"கண்ணுக்கு முன்னால இருக்கறதத்தான் வரைவேன்" என்றார் கிதர் முகம்மது. முக்காலியில் ஏறினார். பகல் முழுக்க வரைந்தார். கொட்டகையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதற்கும் போகவில்லை.

முடிந்ததும் எல்லாரும் பார்த்தோம். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் அந்தக் கண்ணைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று நாள் தூங்காமல், மூச்சு வருகிறதா என்று குழந்தையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கண். கழுத்துக்குக் கீழே நாடக ராஜா. கழுத்துக்கு மேலே தகப்பன். சவரிமுத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் அட்டை வாங்கி, நீங்கள் மேலே படித்த அந்த வரியை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். "ஆதாரம்?" என்று கேட்டேன். "இல்லைங்கறதுக்கும் ஆதாரம் இல்லையே" என்றார்.

திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் அந்தப் படத்தின் முன்னால் செருப்பைக் கழற்றினார்கள். போருக்குப் போகிற வீரனின் சோகம் கண்ணில் தெரிகிறது என்று காந்திகிராமத்திலிருந்து வந்த ஒருவர் நோட்டில் எழுதிவைத்துப் போனார். கண்காட்சி முடிந்தும் ஜனம் வருவது நிற்கவில்லை. முதலாளி கிடங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் நிரந்தரக் காட்சிக்கூடமாகவே விட்டுவிட்டார்.

ஒச்சப்பன் அந்தப் படத்தைப் பார்க்கவே வரவில்லை. பட்டை கொண்டுவருவார், ஷாப் வாசலிலேயே இறக்கிப் போட்டுவிட்டுப் போவார். கிடங்குப் பக்கம் தலை திருப்ப மாட்டார். தாடியும் மீசையும் அப்புறம் வளர்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் மற்றவர்களைப் போலக் கூனித்தான் நிற்பார். நானும் அவரிடம் பட்டை எத்தனை கட்டு என்று மட்டும் கேட்பேன்.

1967-ல் முதலாளி காட்சிக்கூடத்தை ஒரு டிரஸ்டாக மாற்றினார். ஒவ்வொரு பொருளும் எப்படி வந்தது என்று சான்று வேண்டுமென்று வக்கீல் சொல்லிவிட்டார். படத்துக்கு நின்றவன் நான்தான் என்று ஒச்சப்பனிடம் ஒரு கையெழுத்து வேண்டும். நானே செம்பட்டி பஸ் ஏறிப் போனேன்.

பகல் பன்னிரண்டு மணி. ஒச்சப்பன் முற்றத்தில் உட்கார்ந்து பாத்தி கட்டுகிற மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். ராமுத்தாய் வத்தல் போடக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். முத்துப்பேச்சி அன்று சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்தாள். பன்னிரண்டு வயது, இடுப்பு வரைக்கும் சடை. வந்ததும் புத்தகப் பையைக் கீழே வைக்காமலே தகப்பனிடம் போனாள்.

"அய்யா, நேத்து டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி ஒங்க படத்தக் காட்டுனாங்க. சண்டைக்காக மொட்ட போட்ட ராசான்னு டீச்சர் சொன்னாங்க. நான் எந்திரிச்சு, அது எங்கய்யா, எனக்காகப் போட்டாருன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாளுக. இன்னைக்கு டீச்சர், ஒங்கய்யா வேற என்ன செஞ்சாருன்னு எழுதிட்டு வரச் சொல்லிட்டாங்க. என்ன எழுதட்டும்?"

ஒச்சப்பன் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"நாலு வாரம் பிந்திப் போனாருன்னு எழுது" என்றார்.

ராமுத்தாயின் அரிவாள்மணை நின்றது. அந்த நாளைப் பற்றி அந்த வீட்டில் ஏழு வருஷமாகப் பேச்சில்லை என்று அப்போது தெரிந்தது. முத்துப்பேச்சி புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போனோம்ல" என்றாள் ராமுத்தாய், கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே. "புள்ள முன்னால நிக்கிறாள்ல. அத எழுதச் சொல்லுங்க."

ஒச்சப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. நான் கையெழுத்துக் காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"ஆத்தா," என்றேன் ராமுத்தாயிடம், "அவரு பிந்துனதுக்கு நானும் காரணம். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். யாரும் சொல்லாம நானா எழுதுனது."

அவள் அரிந்ததைத் தண்ணீரில் அள்ளிப் போட்டாள்.

"தெரியும். அந்தக் காகிதத்த பஸ்ஸுலயே வாசிச்சுக் காமிச்சுட்டாரு" என்றாள். "கையக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."